யூசுப் கேட்ட கேள்வி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கட முழங்கால் நோ குறைஞ்சதோ?

இஞ்ச பேர்ணில, விழா மண்டபத்துச் சமையலறையில என்னோட கோப்பை கழுவுற யூசுப், சீனாவில இமாமுக்குப் படிச்சவன். பிள்ளையளுக்கு ஒளிச்சுக் குர்ஆன் சொல்லிக் குடுத்தானெண்டு, அவன்ர கல்லூரி அதிபரே அவனைக் காட்டிக் குடுத்தவராம். மூண்டு வருசம் மறியல்ல அடைச்சு வைச்சவங்களாம்.

போன கிழமை அந்த அதிபர், சீனாவில முஸ்லிம்களுக்கு ஒரு குறையுமில்லையெண்டு எங்கட மண்டபத்தில பேச வந்தார். யூசுப் ஏப்ரனோட முன்னால போய், "என்னைத் தெரியுதோ?" எண்டு கேட்டான். அவர் பேச்சுத் தாளை மடிச்சார். சபை முழுக்கப் பார்த்தது. அண்டைக்குத்தான் யூசுப் சிரிச்சு முதன்முதலாக் கண்டன்.

அம்மா, அண்ணையை ஆமிக்காரரிட்டைக் காட்டிக் குடுத்தவன் இஞ்ச பக்கத்தில, ஓஸ்டர்முண்டிகனில இருக்கிறானாம். பயப்பிடாதேங்கோ, கை வைக்க மாட்டன். இந்தமுறை மிளகாய்த்தூள் வேண்டாம், அண்ணையின்ர படமொண்டு அனுப்புங்கோ. கதவைத் திறக்கேக்கை அவன் முதல்ல அதைத்தான் பார்க்கவேணும்.

பஸ் வந்திட்டுது.

உங்கட மகன்,
குகதாசன்