டத்தோவின் கையும் என் சுவிட்சும்

திங்கள், 7

காலையிலிருந்து மழை. ஜே.பி. நகரில் என் பட்டறையில் ராக்கெட்டின் இரண்டாவது பூச்சு காயவே இல்லை. ஒட்டுப்பலகை ராக்கெட், அடியில் மோட்டார், கயிறு. சனிக்கிழமை கோத்தா திங்கி திடலில் விண்வெளி வாரத் திறப்பு விழா. உள்ளே மின்னல் ஓடும் கண்ணாடி உருண்டையில் டத்தோ பட்டம் பெற்ற வட்டாரக் கட்சித் தலைவர் கை வைப்பார், புகை வரும், ராக்கெட் கம்பியில் ஏறும். கைதட்டல். போன மாதம் சந்தைத் திறப்புக்கும் இதே உருண்டைதான். அதற்கு முன் பொதுக் கழிப்பறைக்கு.

உருண்டைக்கும் ராக்கெட்டுக்கும் நடுவில் ஒயரே கிடையாது. மேடைக்குப் பின்னால் நின்று நான் சுவிட்சை அமுக்குவேன். விழா மேடை அமைக்கும் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். டத்தோக்களுக்குத் தெரியுமா, தெரியவில்லை.

மனைவி மலர் பள்ளியிலிருந்து வரத் தாமதம். அவள் நடத்தும் அறிவியல் மன்றப் பிள்ளைகள் போத்தலில் தண்ணீர் ராக்கெட் செய்திருக்கிறார்கள், சைக்கிள் பம்பால் காற்றடித்து விடுவது. அதுவும் சனிக்கிழமை நிகழ்ச்சியில் உண்டு. இன்றைக்கு முதல் முறையாகத் தென்னை மரத்தைத் தாண்டியதாம். சொல்லும்போது அவளுக்கு முகமெல்லாம் பல்.

வாங்க: வெள்ளிப் பெயிண்ட், புகைத் திரவம், மலருக்கு இருமல் மருந்து.

செவ்வாய், 8

வெயில். டத்தோவின் உதவியாளர் சந்திரன் பட்டறைக்கு வந்தார். நிறம் போதாதாம்.

"அண்ணே, கட்சிக் கலர கொஞ்சம் கூட்டுங்க. இடைத்தேர்தல் வருது லா."

"விண்வெளியில கட்சி ஏதுங்க?"

"மேல இல்லண்ணே. ஓட்டு கீழதான இருக்கு."

பொய் சொல்லத் தெரியாத மனிதர். எனக்குப் பிடிக்கிறது.

சாயங்காலம் ஒட்டுக்கடையில் டீ. லாரி ஓட்டும் முனியாண்டி ஆரம்பித்தார்: "முன்ன நம்ம நாட்டு ஆளு ஒருத்தர விண்வெளிக்கு அனுப்பினாங்களே, அது போர் விமானம் வாங்கினதுக்குக் கொசுறு. கத்திரிக்கா வாங்கினா கறிவேப்பில தர்ற மாதிரி."

"அன்னைக்கு டிவி முன்னால அழுதது யாரு?" என்றார் கடைக்காரர்.

முனியாண்டி டீயை ஊதினார். "கறிவேப்பில இல்லாம குழம்பு மணக்குமா?"

புதன், 9

சந்திரன் போன். பிள்ளைகளின் ராக்கெட் இனி நிகழ்ச்சியில் இல்லையாம்.

"உங்களுது கம்பியில போவுது, பயமில்ல. அதுங்களுது போவலன்னா? வீடியோ எடுத்துப் போட்டா ஊரே சிரிக்கும். டத்தோ பேரு என்னாவறது?"

மலரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. "பிள்ளைங்ககிட்ட எப்படிங்க சொல்லுவேன்? பம்பு அடிக்கிற பொண்ணு யோகா, அவங்க அம்மாவ வேலைக்கு லீவு போட்டுட்டு பாக்க வரச் சொல்லியிருக்கா."

டத்தோக்களுக்குத் தோற்காத ராக்கெட் வேண்டும். அதைத்தான் நான் செய்து விற்கிறேன்.

வெள்ளி, 11

கோ. திங்கி போய்க் கம்பி கட்டினேன். டத்தோ உட்காரும் கெமாக் கூடாரத்துக்கு மட்டும் விசிறி.

இரவுச் சாப்பாட்டில் மலரிடம்: "பிள்ளைங்க வேடிக்கை பாக்க வரலாம்ல? வரும்போது போத்தலயும் பம்பையும் எடுத்துக்கிட்டு மேடைக்குப் பின்னால வாங்க."

ஒரு மாதிரி பார்த்தாள். "உங்களுக்கு அடுத்த வேல வேணாமா?"

"கழிப்பறை திறக்க எப்பவும் ஆள் வேணும்."

சிரித்துவிட்டாள். புதன்கிழமைக்குப் பிறகு இப்போதுதான். போதும்.

சனி, 12

மேகமூட்டம், காற்றில்லை. டத்தோ வழக்கம்போல் தாமதம். நாடு விண்ணைத் தொடும் என்றார். பிறகு இந்த வட்டாரத்துக்குப் புதுச் சாலை வரும் என்றார். விண்ணிலிருந்து சாலைக்கு எப்படி இறங்கினாரோ, நல்ல கைதட்டல்.

உருண்டையில் கை வைத்தார். புகை விட்டேன். மோட்டார் சுவிட்சின் மேல் விரல். அமுக்கவில்லை.

ஒட்டுப்பலகை அப்படியே நின்றது. டத்தோ மறுபடி கையை அழுத்தினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சந்திரன் பின்பக்கம் ஓடிவந்தார். "அலமாக்! அண்ணே, என்ன ஆச்சு?"

யோகாவைப் பார்த்துத் தலையாட்டினேன். காற்றடித்து வைத்திருந்த போத்தலை அவள் விட்டாள்.

போத்தல் புகைக்குள்ளிருந்து சீறிப் போனது. கெமாவைத் தாண்டி, கொடிக்கம்பத்தைத் தாண்டி. திடலே அண்ணாந்து பார்த்தது. டத்தோவும்தான், வாயைத் திறந்தபடி. சட்டையெல்லாம் தண்ணீர், ஆனாலும் கை தட்டினார். யோகாவின் அம்மா அழுதார். எனக்கும் கண் கலங்கியது, புகையால் இல்லை. மலர் என் முழங்கையைக் கிள்ளினாள். இன்னும் வலிக்கிறது. சந்தோஷம்.

ஞாயிறு, 13

தூறல். பத்திரிகையில் படம்: டத்தோ ராக்கெட் விட்டாராம். பிள்ளைகள் பெயர் இல்லை. ஓரத்தில் யோகாவின் முழங்கையும் பம்பும் மட்டும். "என் முழங்கை டீச்சர்!" என்று போனில் ஒரே கத்தல்.

மதியம் கோழிப் பிரட்டல். கை கழுவும்போது சந்திரன் போன். திட்டத்தான் என்று நினைத்தேன்.

"டத்தோவுக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு அண்ணே. தேர்தல் கூட்டத்துக்கும் அதே ராக்கெட்டு வேணுமாம். நிச்சயமா மேல போவும்ல?"

"நிச்சயமெல்லாம் சொல்ல முடியாதுங்க," என்றேன். "அது நெச ராக்கெட்டு."