கழுத்துக்குக் கட்டிய மாலை

காட்டூர்,
ஞாயிறு

அன்பு மகள் அனிஷாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் சுகமாயிருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். மனதுதான் சரியில்லை. டாக்டர் ஆனந்தவள்ளி வந்த சின்ன விமானம் வெள்ளிக்கிழமை மலையில் விழுந்துவிட்டது, ஒருவரும் பிழைக்கவில்லை. எத்தனையோ குழந்தைகளின் இதயத்தைக் காசு வாங்காமல் சரிசெய்த கை, அது இனி இல்லை என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

அவர் எங்கள் ஸ்ரீரங்கம் பள்ளி விழாவுக்குத்தான் வந்துகொண்டிருந்தார். வரவேற்புரை என்னுடையது. பிள்ளைகள் வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றார்கள். டெல்பின் டீச்சர் போனைக் காதில் வைத்தபடியே வந்து, அக்கா, பிளேன் விழுந்திருச்சாம், மேடம் இல்லையாம் என்றாள். தான் சொல்வது அவளுக்கே புரியாத முகம். தலைமையாசிரியர், நீங்களே ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க என்று என்னை மைக்குக்கு அனுப்பினார். நான் போய் நின்று, டாக்டர் அவர்களை வருக வருக என வரவேற்கிறேன் என்று சொல்லிவிட்டேன் அனிஷா. வாய் தானாகச் சொல்லிற்று. ஒருவரும் சிரிக்கவில்லை. சில பிள்ளைகள் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நம் தெரு முனையில் பூ விற்கும் ராசாத்தியை உனக்குத் தெரியும், அவள் மகள் கனிஷ்காவின் இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்தது இந்த டாக்டர்தான். காந்தி மார்க்கெட்டில் தானே ரோஜா பொறுக்கி எடுத்து மாலை கட்டி விழாவுக்கு வந்திருந்தாள். டாக்டரின் படத்துக்குப் போட யாரோ அதைக் கேட்டதற்கு, இது அவங்க கழுத்துக்குக் கட்டுனதுங்க, படத்துக்கெல்லாம் தரமாட்டேன் என்று மடியில் இறுக்கிக்கொண்டாள். கடைசியில் டாக்டருக்குப் போட்டிருந்த நாற்காலியில் அதை வைத்துவிட்டு என்னிடம் வந்து, டீச்சர், உங்க பாப்பா பிளேன் ரிப்பேர்தானே பாக்குது, கெளம்புறதுக்கு முன்னாடி யாரும் பாக்க மாட்டாங்களாங்க என்று கேட்டாள். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மேகம் என்கிறார்கள், இயந்திரம் என்கிறார்கள், காரணம் இன்னும் தெரியவில்லை. யார் மீதும் நான் பழி போடவில்லை. ஆனால் உன்னையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். விடைத்தாளில் நான் தப்பாகக் கூட்டினால் மறுகூட்டல் உண்டு, உன் வேலையில் அது கிடையாது. உன் மேலதிகாரி சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டுவதாகப் போன மாதம் சொன்னாயே, அப்படி விரட்டினால் பிளேன் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடாதே பாப்பா. வேலை போனால் போகட்டும், இங்கே உன் அறையை நாங்கள் பூட்டி வைக்கவில்லை. அப்பாவும் அதையேதான் சொல்கிறார்.

மாதா உன் கையையும் கண்ணையும் காக்கட்டும். ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே. தினமும் ராசாத்தியைத் தாண்டித்தான் நான் கோயிலுக்குப் போகிறேன், அவளுக்கு என்ன பதில் சொல்லட்டும் என்று எழுது.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
லூர்துராணி