மெசினுக்குத் திறந்த களவெட்டி

அக்கா,

நேற்றுப் பள்ளிக்கூடத்துக்கு உங்கள் கல்வெட்டு வந்து சேர்ந்தது. முப்பத்தோராம் நாள் சடங்குக்கு உங்கள் மைத்துனர் வீட்டார் யாழ்ப்பாணத்தில் அச்சடிப்பித்த நினைவுப் புத்தகம். சடங்கன்று எனக்குக் காய்ச்சல் என்பதால் ஆள்மூலம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அட்டையைத் திறந்ததும் அச்சு மை மணத்தது. முதற் பக்கத்தில் உங்கள் படம். யாரோ "அசையாதே" என்று சொல்லிவிட்டுப் போனது போல முகம் அடங்கிக் கிடந்தது. அதற்குக் கீழே புலம்பல் பாட்டுகள். பழமை வழுவாத பண்பினள் என்று ஒன்று. புகுந்த குடியின் சொல் தட்டாதவள் என்று இன்னொன்று. புதுமை நாடாப் பொற்கொடியாம்.

வாசித்து முடித்தபோது அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. உங்களை அறியாத ஒருவர் இதை எழுதியிருந்தால் பேசாமல் விட்டிருப்பேன். எழுதுவித்தவர் உங்களை நன்றாக அறிந்தவர். அறிந்துதான் எழுதுவித்திருக்கிறார். ஆகவே நானும் எழுதுகிறேன். அச்சடிக்க என்னிடம் வழியில்லை. மையும் கொப்பித்தாளும் இருக்கின்றன.

வன்னியில் அரசாங்கம் காணி பகிர்ந்து தந்த எங்கள் குடியேற்றத்தில் "நவீனம்" என்ற சொல்லுக்கு அப்போது ஒரு தனி மதிப்பு இருந்தது. குளம் நவீனக் குளம், வாய்க்கால் நவீன வாய்க்கால், நாங்கள் நவீன விவசாயிகள். கொடியேற்றி, மாலை போட்டு வந்த பெரியவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தச் சொல்லுக்கு எங்களுக்குள் முதல் ஆள் உங்கள் மூத்த மைத்துனர், உங்கள் புருஷனின் தமையன். முதல் ரேடியோ அவர் வீட்டில். மருந்தடிக்கும் தெளிகருவி முதலில் ஏறியது அவர் தோளில். கூட்டுறவுச் சங்கத்தார் உழவு மெசினை வாடகைக்குக் கொண்டுவந்தபோது கதிரை மிதித்துச் சூடடிக்கவும் அதை விடலாம் என்று வாதாடி வென்றவரும் அவர்தான்.

அடுத்தபடி நான். பட்டம் படித்து வந்த ரீச்சர். கையில் மணிக்கூடு, அலுமாரி நிறைய இங்கிலீசுப் புத்தகம், குவாட்டர்ஸ் விறாந்தையில் ஒரு பெண்கள் சைக்கிள். ஆட்கள் என்ன சொல்வார்களோ என்று அதில் நான் ஒருநாளும் ஏறியதில்லை. சனிக்கிழமைகளில் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து வைப்பேன். நீங்கள் வேலிக்கு அங்கால் நின்று, "ஓடாத சைக்கிளுக்கு ஏன் ரீச்சர் இவ்வளவு குளிப்பாட்டு?" என்று கேட்பீர்கள். சொன்னால் சிரிப்பீர்கள், கடைசிவரை நான் ஏறவேயில்லை. தங்கையின் மகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

உங்களை அந்தப் பட்டியலில் யாரும் சேர்க்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் படிப்பு. மண்ணெண்ணெய் விளக்கு. வெள்ளிக்கிழமை விரதம். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மாள் கோயிலுக்கு நடை. நானும் சேர்க்கவில்லை, அக்கா. உங்களில் எனக்கு அன்பு இருந்தது; அந்த அன்புக்குள் ஒரு இளக்காரமும் இருந்தது. அதை இப்போதாவது சொல்ல வேண்டும்.

உங்கள் புருஷன் பாம்பு கடித்துச் செத்து இரண்டாவது காலபோகம், மாரி விதைப்பு, அது. காணிப் பெர்மிற் அவர் பேரில் இருந்தது. உங்கள் பேருக்கு மாற்ற இடமிருந்தது; ஆனால் காணியைச் செய்கிறவர் நீங்கள்தான் என்று காணிக் கந்தோர் விசாரணையில் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அது மைத்துனர் பக்கம் போகும். அதற்கு அவர் முன்பே மனுப் போட்டிருந்தார். எட்டு வயதுப் பிள்ளையோடு நீங்கள் அவர் வீட்டுப் பின்புற ஒத்தாப்பில் ஒதுங்க வேண்டியதுதான்.

அந்தப் போகம் நீங்கள் செய்யாத வேலை எது? வரம்பு கட்டினீர்கள். விதைத்தீர்கள். பன்றிக் காவலுக்குப் பரணில் ஏறினீர்கள். பெண்களைச் சேர்த்து விளைந்த கதிரை அருவி வெட்டினீர்கள். ஒரே ஒரு வேலைதான் உங்களுக்கு மூடியிருந்தது. வெட்டிய கதிரைச் சூடாகக் குவித்து நெல்லைப் பிரிக்கும் களவெட்டிக்குள் பெண்கள் கால் வைக்கக்கூடாது. அங்கே செருப்புப் போடக்கூடாது. நெல்லை நெல்லென்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டும். தவறினால் பூதம் விளைச்சலை அள்ளிக்கொண்டு போய்விடும். முதல் வருடம் உங்கள் சூட்டை மைத்துனர்தான் அடித்துத் தந்தார். அதையே விசாரணையில் சொல்லப்போவதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். களவெட்டிக்குப் போக முடியாத ஆள் எப்படிக் கமக்காரியாவாள் என்பது அவருடைய கேள்வி. இந்த வருடம் உங்கள் சூட்டைக் கடைசிக்குத் தள்ளி வைத்ததும் அவர்தான்.

இந்த இடத்தில்தான் நான் உதவிக்கு வந்தேன்.

காணிக் கந்தோருக்கு ஒரு மனு எழுதினேன். இங்கிலீசில், இரண்டு பக்கம். எழுதும்போது எனக்கே என் நடை பிடித்துப் போயிற்று. இந்த மக்களின் தொன்மையான வழக்கப்படி பெண்கள் களத்தில் கால் வைக்க முடியாது, ஆகையால் இந்த அபலை விதவைமேல் இரக்கம் காட்டி, சூடடிக்கும் வேலையை மட்டும் விலக்கிப் பார்க்க வேண்டும் என்று. உங்களிடம் கையெழுத்து வாங்கினேன். என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் கேட்டபோது, "எல்லாம் நல்லபடியாத்தான் எழுதியிருக்கிறன், அக்கா" என்றேன். வாசித்துக் காட்டவில்லை. வாசித்தாலும் விளங்காது என்று நினைத்தேன்.

மைத்துனர் வாயால் சொல்லித் திரிந்ததை நான் எழுத்தாக்கி, உங்கள் கையெழுத்தோடு கோப்புக்குள் வைத்துவிட்டேன் என்பது எனக்குத் தெரியவில்லை. பட்டம் படித்த மூளைக்கு அது தெரியவில்லை.

விசாரணை எங்கள் பள்ளிக்கூடத்தில், ஒரு முற்பகலில் நடந்தது. காணி உத்தியோகத்தர் யாழ்ப்பாணப் பட்டினத்துக்காரர். பளபளத்த சப்பாத்து, மரியாதையான பேச்சு. கோப்பைப் புரட்டி என் மனுவை எடுத்து, வரிவரியாகத் தமிழில் சொன்னார். சொல்லிவிட்டு, களத்துக்கே போக முடியாதென்று நீங்களே எழுதித் தந்திருக்கிறீர்கள், பிறகு நான் எப்படி உங்கள் பேருக்கு எழுதுவது என்று கேட்டார். மைத்துனருக்குப் பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை.

நீங்கள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள்.

"அது ஆர் ரீச்சர், அபலை?"

நான் மேசையில் கிடந்த என் இரண்டு பக்கத்தைப் பார்த்தேன்.

பிறகு உத்தியோகத்தரிடம் திரும்பி, எழுதுவதைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னீர்கள். களவெட்டி வாய்க்காலுக்கு அங்கால்தான், மெசின் ஓடிக்கொண்டிருக்கிறது, வந்து பார்த்துவிட்டு எழுதுங்கோ என்றீர்கள். அவர் வருவதா விடுவதா என்று யோசிக்கிறதுக்குள் நீங்கள் வாசலைத் தாண்டிவிட்டீர்கள். இருந்த கதிரைகளைத் தள்ளிவிட்டு எழுந்து எல்லாரும் பின்னால் வந்தோம்.

களவெட்டியில் அப்போது அடிபட்டுக்கொண்டிருந்தது பக்கத்துக் காணிச் சூடு. மெசினை ஓட்டியவர் முல்லைத்தீவிலிருந்து வந்த முஸ்லிம் நானா. வாயில் வெற்றிலை, காலில் ரப்பர் செருப்பு. மாடு விட்டு மிதித்த காலத்தில் செருப்போடு ஒருவரை அந்த வட்டத்துக்குள் விட்டிருக்க மாட்டார்கள். மெசின்காரனுக்கு மட்டும் விலக்கு. உங்கள் முறை வரும்வரை நீங்கள் காத்திருந்தீர்கள். உங்கள் கதிர்க்கட்டுகள் களத்தில் விரிந்ததும் சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகினீர்கள். வைக்கல் கிளறும் கவைத்தடியை ஒருவர் கையிலிருந்து வாங்கினீர்கள். இறங்கினீர்கள்.

வேலை நின்றது. நானா மெசினை அணைத்தார். மைத்துனர் விளிம்பில் நின்றபடி, சத்தம் போடாமல், எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார்: "பிள்ளை, வெளியில வா. அம்மாள் குற்றம் வரும்."

நீங்கள் தடியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தீர்கள்.

"வற்றாப்பளை அம்மாளும் பொம்பிளைதானே, அத்தான். அவாவையும் வெளியில நிக்கச் சொல்லுவியளோ?" என்றீர்கள். ஆரோ பின்னால் சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். "உந்த வழக்கத்தை நீங்கள் எப்ப படிச்சனியள்? எங்கட ஊரில என்ர அம்மாதான் களத்தில நிண்டு பொலி தூத்தினவா. உங்கட அம்மாவும்தான். இஞ்ச வந்து பழகின பழக்கம் இது. உந்த மெசினும் அப்பிடித்தான். மெசினுக்கு விட்ட களவெட்டியை எனக்கு ஏன் விடமாட்டியள்?"

அந்த வினாடி எனக்குள் ஏதோ இடம் மாறியது. நான் "தொன்மையான வழக்கம்" என்று எழுதியது எங்களுக்கு ஏழெட்டு வருடத்து வழக்கம். பழைய வன்னி ஊரவரிடம் பார்த்துப் பழகியது. யாழ்ப்பாணத்து வடமராட்சியிலிருந்து லொறியில் வந்திறங்கிய நாங்கள், அவர்களையும்விடக் கண்டிப்பாக அதைப் பிடித்துக்கொண்டோம். புதிதாக வந்தவர்களுக்குத்தான் பழமை தேவைப்படுகிறது. அதிலும் எங்களுக்குத் தோதான பாதியைத்தான் எடுத்துக்கொண்டோம். மெசினுக்குப் பூதம் வழிவிட்டது. பெண்ணுக்கு மட்டும் விடவில்லை. எது புதிது, எது பழையது என்று தீர்மானிக்கிற கை எப்போதும் ஒரே கையாக இருந்தது. அதை நான் புத்தகம் நிறைய வாசித்தும் காணவில்லை. நீங்கள் வெயிலில் நின்று சொன்னீர்கள்.

நானா வெற்றிலையைத் துப்பிவிட்டு, ஓட்டுவதா நிப்பாட்டுவதா என்று பொதுவாகக் கேட்டார். "ஓட்டுங்கோ நானா. சூடு என்ர" என்றீர்கள். மெசின் மறுபடி உறுமியது. நீங்கள் அதற்குப் பின்னால் நடந்து வைக்கலைக் கிளறினீர்கள்.

இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு உத்தியோகத்தர் கிட்டப் பார்க்க வேண்டும் என்று களத்துக்குள் கால் வைக்கப் போனார். நீங்கள் தடியைக் குறுக்கே நீட்டி மறித்தீர்கள்.

"ஐயா, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

அவர் திகைத்தார். வழக்கத்தை இப்போதுதானே மீறினீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி, எனக்கும் அதுதான் மனதில் எழுந்தது.

"அது இவையள் எனக்குச் சொன்னது. இது நான் பொலிக்குச் செய்யிற மரியாதை" என்றீர்கள்.

அவர் குனிந்து நாடாவை அவிழ்த்தார். ஒரு காலுறையில் பெருவிரல் தெரியும் ஓட்டை. நானாவும் கேட்காமலே செருப்பைக் கழற்றி மெசினில் வைத்தார். நெல்லை நீங்கள் பொலி என்றே சொன்னதை அன்று யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நான் கவனித்தேன். உங்களைப் பழமைக்காரி என்று அச்சடித்தவர்கள் அந்தச் சப்பாத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். புதுமைக்காரி என்று நான் எழுதினால் தடியை மட்டும் நினைவில் வைத்தவள் ஆவேன். இரண்டும் உங்கள் கையால் நீங்களே எடுத்தவை. வேறொருவர் எடுத்துத் தந்ததை நீங்கள் வாங்கவில்லை, அவ்வளவுதான். நவீனம் என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் இந்த ஒரு முற்பகலைத்தான் சொல்வேன். அதற்குமேல் சொல்ல எனக்குத் தெரியாது.

விசாரணைக் குறிப்பில் கண்டதை அப்படியே எழுதிய உத்தியோகத்தர், கோப்பில் இருக்கிற மனுவை எடுக்க முடியாது, எழுதினவரே மறுத்து எழுதித் தரவேண்டும் என்றார். அன்று பின்னேரம் உங்கள் குசினியில் இருந்து எழுதினேன். தமிழில் எழுதினேன். ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொன்னீர்கள். "தயவுகூர்ந்து" வேண்டாம் என்றீர்கள். எடுத்தேன். "அபலை"யை நானே எழுதவில்லை. "விதவை" என்று வந்த இடத்தில் நிறுத்தினீர்கள்.

"அதையும் வெட்டுங்கோ. காணிக்காரி எண்டு போடுங்கோ."

போட்டேன். அடுத்த விதைப்புக்கு முன்பே பெர்மிற் உங்கள் பேருக்கு வந்தது.

ஊர் திருந்திவிட்டது என்று நான் எழுதமாட்டேன். மறு வருடம் இரண்டு பெண்கள் உங்களோடு இறங்கினார்கள். மற்றவர்கள் இறங்கவில்லை, இன்றும் இறங்குவதில்லை. மழை பொய்த்த வருடம் நீங்கள் கால் வைத்ததால்தான் என்று சொன்னார்கள். நன்றாக விளைந்த வருடம் யார் கால் வைத்தது என்று நீங்கள் திருப்பிக் கேட்டீர்கள். உங்கள் சூட்டுக்கு வர மறுத்தவர்களும் இருந்தார்கள். செத்த வீட்டிலும் கலியாண வீட்டிலும் மைத்துனர் உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது நீங்கள் பேச முடியாத நேரம் பார்த்துப் பாட்டுப் பாடுகிறார்.

எனக்கு நாற்பத்து நான்கு வயதாகிறது. மனு எழுதுவிக்க ஆட்கள் இன்றும் என்னிடம் வருகிறார்கள். காணிக்கு, கிணற்றுக்கு, பிள்ளையின் பிறப்புப் பதிவுக்கு. எழுதி முடித்ததும் அவர்களை இருத்தி, முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டுகிறேன். இங்கிலீசில் எழுதினால் தமிழில் சொல்கிறேன். வேண்டாம் என்ற சொல்லை வெட்டுகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த இளம் மாஸ்டர் தட்டச்சு மெசின் வைத்திருக்கிறார். பத்து நிமிசத்தில் முடிகிற வேலைக்கு நான் ஒரு பின்னேரத்தைச் செலவழிக்கிறேன் என்று சிரிக்கிறார். ரீச்சர் பழங்காலத்து ஆள் என்று பிள்ளைகளிடம் சொல்கிறாராம். சொல்லட்டும். பஸ் போனால் போகட்டும், மனு நாளைக்குப் போகும். ஒருவரின் பேரில் அவருக்குத் தெரியாமல் நான் இனி ஒரு வரியும் எழுதுவதில்லை.

இந்த மடலை உங்களுக்கு வாசித்துக் காட்ட வழியில்லை. ஆகவே இன்று பின்னேரம் உங்கள் மகளை வரச்சொல்லி அவளுக்கு வாசித்தேன். பெர்மிற் இப்போது அவள் பேருக்கு மாறுகிறது. அதற்கான கடிதத்தையும் நாளை இருவரும் சேர்ந்துதான் எழுதப்போகிறோம். அவள் கைகட்டி, தலை குனிந்து, முழுவதையும் கேட்டாள். பிறகு ஒன்று விடுபட்டுவிட்டது என்றாள். அன்று களவெட்டியிலிருந்து வீட்டுக்கு வந்த நீங்கள் ஒரு மூலையில் இருந்து நடுங்கினீர்களாம். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லையாம். அவள்தான் பிடித்துப் பருக்கினாளாம். வற்றாப்பளை அம்மாளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, பிள்ளைக்கு ஒன்றும் வரக்கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்களாம். நான் மறுப்புக் கடிதம் எழுத வந்தபோது முகம் கழுவித் திருநீறு பூசியிருந்தீர்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அம்மா பயந்தவா, ரீச்சர். அதையும் எழுதுங்கோ" என்றாள்.

எழுதிவிட்டேன், அக்கா.