புளிப்பெட்டியில் குத்தகைச் சீட்டு

வெள்ளிக்கிழமை, இரவு.

யார் கையில் கிடைத்தாலும் இதை அப்பாவிடம் காட்டிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

எங்கள் வயலைக் குத்தகைக்கு உழும் வேலுவின் வீட்டுக் கூரை மழைக்கு ஒழுகும். அதனால் குத்தகைச் சீட்டை அப்பாவிடமே கொடுத்து வைத்திருக்கிறார். அப்பா அதைப் பழைய புளிப்பெட்டியில் போட்டிருக்கிறார். பள்ளியிலிருந்து திருடி வந்த நீல லிட்மஸ் தாளை நனைத்து இன்று சீட்டின் மேல் வைத்தேன். சிவந்துவிட்டது. அமிலம் காகிதத்தைத் தின்றுவிடும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். மடிப்பு ஏற்கெனவே பொடிந்திருக்கிறது.

மாலையில் வேலு வந்தார். "திங்கக்கிழமை தாசில்தார்கிட்ட காட்டணுங்க. சீட்டு பத்திரமா இருக்குங்களா?"

"பூ மாதிரி இருக்குய்யா, போ," என்றார் அப்பா.

வேலு கும்பிட்டுவிட்டுப் போனார். வேறு பெட்டி தருவார் என்று நம்பி, அப்பாவிடம் லிட்மஸ் விஷயத்தைச் சொன்னேன். அப்பா சிரித்தார்.

"அடி அசடு, பின்ன எதுக்கு அதுல போட்டேன்? தூளாப் போனா சீட்டும் இல்ல, குத்தகையும் இல்ல."

என் தலையைத் தடவினார். அந்தக் கை பட்ட இடம் இன்னும் அருவருக்கிறது. இருமுறை தலைக்குக் குளித்தேன்.

சீட்டை எடுத்துவிட்டேன். துவைத்த பழைய பாவாடையில் லிட்மஸ் நீலமாகவே இருந்தது. அதில் சுற்றித் தலையணைக்குள் வைத்திருக்கிறேன். விடிந்ததும் வேலுவிடம்...

அப்பா கதவைத் தட்டுகிறார். "பொட்டியத் தொறந்தியாடி?"