சீவாளி நனைக்கும் நேரம்

நாள் 211. காலை 08:10
தென்கூடம், செவ்வாய் நீர் ஆய்வு நிலையம்.
எழுதுவது இளம்பரிதி, மின்னணுப் பொறியாளர். ஆக்சிஜன் சரி. மின்சாரம் சரி. காற்றில் ஈரம்: தென்கூடம் 18 சதவீதம், வடகூடம் 17.
வடகூடத்தில் மாசிலாமணி அண்ணன். குழாய் வேலை அவருடையது. மிச்ச நேரமெல்லாம் நாதஸ்வரம். அதைப் பதிவு செய்துதான் என் சிந்தசைசரைக் கட்டினேன். அந்தப் பெட்டி அவர் அறையில் இருக்கிறது. தானாகவும் வாசிக்கும். எது உசத்தி என்று ஏழு மாதமாகச் சண்டை.

நாள் 214. பகல் 13:40
பந்தயம். வடகூடத்திலிருந்து ஒலிக்கம்பியில் வரும் வாசிப்பு ஆளா, பெட்டியா என்று நான் சொல்ல வேண்டும். பத்தில் ஆறு தப்பு. கட்டியவனே நான்தான்.
வானொலியில் அவர்: "என்னடா பரிதி, பெத்த புள்ளையவே அடையாளம் தெரியலையா?"
நான்: "அப்ப என் பெட்டி ஜெயிச்சிருச்சுன்னு ஒத்துக்குங்கண்ணே."
"ஒத்துக்கிட்டேன் போ. ஆனா இந்தக் காஞ்ச காத்துல பத்து நிமிசத்துக்கு ஒருக்கா சீவாளியக் கழட்டி எச்சில்ல நனைக்கணும் நான். இல்லாட்டி வாசிக்காது, கத்தும். உன் பெட்டிக்கு எச்சி ஊறுமாடா?"
உபயோகமான தகவல். நாணல் காய்ந்தால் வாசிப்பு நிற்கும். அடுத்த முறை தோற்க மாட்டேன்.

நாள் 219. காலை 06:25
இரு கூடங்களுக்கும் நடுவே இருந்த இடைவழி வெடித்தது. விண்ணுடைகள் அதில்தான் இருந்தன. வானொலி போச்சு. வடகூடத்துக் குளிர்நீர்க் குழாயும் உடைந்திருக்கிறது.
ஆக்சிஜன் தொட்டி என் பக்கம். இருவருக்கு ஆறு நாள். ஒருவருக்குப் பன்னிரண்டு. கப்பல் வர ஒன்பது நாள்.
ஒலிக்கம்பி பிழைத்தது. நாதஸ்வரம் தவிர எல்லாவற்றையும் வெட்டும் வடிகட்டி அதன் வடகூடத்து முனையில் இருக்கிறது, நான் போட்டது. பேசினாலும் வராது, தட்டினாலும் வராது.
வடகூடம்: மின்சாரம் சரி. ஈரம் 91. மற்ற அளவிகள் செத்துவிட்டன.

07:02
வாசிப்பு கேட்கிறது. மின்சாரம் போய் வந்தால் பெட்டி தானாகத் தொடங்கும். அதனால் இது எதையும் நிரூபிக்கவில்லை.

நாள் 220. மாலை 16:30
ஐம்பது நிமிடம் கடிகாரத்தோடு கேட்டேன். மூச்சுக்கு நிற்கிறது, பெட்டிக்கும் அது தெரியும். கமகம் சுத்தம், அதுவும் தெரியும். சீவாளி நனைக்க ஒருமுறைகூட நிற்கவில்லை.
ஆள் இல்லை. பெட்டிதான்.
வடகூடத்துக்குப் போகும் ஆக்சிஜன் வால்வை மூடினேன். சாப்பிட்டேன்.

நாள் 221. காலை 10:05
வாசிப்பு தொடர்கிறது. சொற்றொடர்கள் சிறுத்துவிட்டன. மேல் ஸ்தாயிக்குப் போகவில்லை. பெட்டிக்கு மின்னழுத்தம் குறைந்திருக்கும்.
பார்த்தேன். மின்னழுத்தம் சரியாக இருக்கிறது.
மென்பொருள் கோளாறாக இருக்கலாம்.

11:50
ஒரே ஸ்வரம். நீளமாக. பாதியில் நின்றது.
வால்வைத் திறந்தேன். ஏன் என்று எழுதத் தெரியவில்லை. ஒரு மணி நேரம் திறந்து வைத்தேன். ஒலி இல்லை. மூடினேன்.

நாள் 228. பகல் 12:20
கப்பல் வந்தது. விமானி செண்பகவல்லி என்னிடம் ஒரு கைவானொலியைக் கொடுத்துவிட்டு வடகூடத்துக்குள் போனார். அவர் அனுப்பியது, அப்படியே:
"இளம்பரிதி, கேக்குதா? உள்ள சுவரெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சு கெடக்கு. அண்ணன் இறந்துட்டாரு. மடியில நாதஸ்வரம். பக்கத்துல உங்க பெட்டி... ஒயரக் கழட்டிச் சுருட்டி, தண்ணி படாம பாலிதீன் சுத்தி, அலமாரி மேல ஏத்தி வச்சிருக்காரு. மேல ஒரு சீட்டு ஒட்டியிருக்கு. 'பரிதியோடது, பத்திரம்'னு. பரிதி? கேக்குதா?"

12:31
காற்றில் ஈரம்: தென்கூடம் 18. வடகூடம் 91.
இந்தத் தொண்ணூற்றொன்றை நாள் 219-லேயே எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துதான்.
அந்த அறையில் சீவாளி காயாது.
கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பதில்