மூக்கை அடைத்தவன்

பாய்,

இன்று காலை பிக்கப்புக்கு அடியில் படுத்து முன் ஆக்சிலின் ஆயில் போல்ட்டைக் கழற்றினேன். அழுகின முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. கியர் ஆயிலை யாராவது ஆசையாக மோந்து பார்ப்பார்களா? நான் பார்த்தேன். சுண்டுவிரலை விட்டு எடுத்தால் தேன் நிறம். "தேன் மாதிரி வந்தா வண்டி நல்லாக்கீது, மோர் மாதிரி வந்தா தண்ணி பூந்துகீது" என்பீர்கள். தேன்தான் பாய் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம்தான் நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது என்று உறைத்தது. எழுந்திருக்க அலுப்பாக இருந்தது, அப்படியே மணலில் கிடந்தேன்.

இந்த வண்டியை நான் வாங்கி வந்தபோதே அதற்கு வயசாகிவிட்டது. நாலு சக்கரமும் இழுக்கும், ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் குப்பத்து மணலுக்குச் சரிப்படும் என்று நம்பி வாங்கினேன். மீன் பெட்டி ஏற்றலாம், படகைக் கரைக்கு மேலே இழுக்கலாம். ஆனால் முன் சக்கரங்களுக்குப் போகிற மெல்லிய தண்டுகளின் ரப்பர் உறை சிப்பியில் கிழியும், உள்ளே மணல் போகும், உப்பு அரிக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பழவேற்காட்டில் உங்கள் பட்டறை வாசலில் நிற்பேன். எங்கள் ஊர்ப் படகு எஞ்சின்களெல்லாம் உங்கள் கையில்தான் இருந்தன. ஒருநாள் நீங்களே சலித்துப் போனீர்கள்.

"இது தார் ரோட்டுக்குப் பொறந்த வண்டிப்பா. இந்த வீலுலருந்து அந்த வீலு வரைக்கும் ஒரே ஆக்சிலா போட்டுறலாம். உன் மணலு அத்த ஒண்ணும் பண்ணாது."

பொன்னேரிப் பக்கம் ஒரு காயலான் கடையில் பழைய ஜீப்பின் முன் ஆக்சில் கிடைத்தது. பதினோரு நாள் வேலை. முன்பக்கம் இருந்ததையெல்லாம் அறுத்துப் போட்டோம். பட்டை ஸ்பிரிங் உட்கார சட்டத்தில் இடம் வைத்து நீங்கள் வெல்டு அடித்தீர்கள். ஸ்டியரிங் கம்பி எட்டவில்லை, லேத் பட்டறைக்கு மூன்று நடை நடந்தோம். இடுப்பு வலியோடு குனிந்து குனிந்து அளந்தீர்கள். "அளவு தப்புனா வண்டி நண்டு மாதிரி சைடுல போவும்." கடைசியில் ஜாக்கியை எடுத்தபோது வண்டி முன்னைவிட ஒரு சாண் உயரமாக நின்றது. மீன் விற்றுவிட்டு அந்தப் பக்கம் வந்த என் மனைவி அண்ணாந்து பார்த்தாள். "இன்னா பாய், ஏறி குந்த ஏணியும் நீங்களே குடுத்துடுவீங்களா?" நீங்கள் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கடைசி நாள் மதியம்தான் நீங்கள் தொழுகைக்குப் போயிருந்தீர்கள். ஆக்சிலுக்குக் கறுப்பு பெயின்ட் அடிக்கிற வேலை எனக்கு. மேல் பக்கத்தில் மிளகு போகிற அளவுக்கு ஒரு துளை கண்ணில் பட்டது. நான் படகுக்கு ஃபைபர் ஒட்டுப் போடுகிறவன். ஓட்டையைக் கண்டால் அடைப்பதுதான் என் பிழைப்பு, யோசிக்கவே தோன்றாது. பாய் கண்ணுக்கே தப்பிவிட்டதே என்று ஒரு பெருமை வேறு. ஃபைபர் துணி வைத்து, ரெசின் ஊற்றி, காய்ந்ததும் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்தேன். தடவினாலும் தெரியாது. உங்களிடம் சொல்ல நினைத்து மறந்தே போனேன்.

ஒரு வருஷம் ஓடியது. ஏரித் தண்ணீரில் இறங்கும், ஏறும், இழுக்கும். புயல் எச்சரிக்கை வந்த அன்று ஊர்ப் படகுகளையெல்லாம் வண்டியில் கட்டி மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தோம். பதினான்கு படகு ஏறிவிட்டது. பதினைந்தாவதைக் கட்டி இழுத்தபோது முன்னால் ஏதோ நொறுங்கியது, சக்கரம் இறுகிக்கொண்டது, மேட்டுக்குப் போகிற ஒரே வழியில் வண்டி குறுக்கே நின்றுவிட்டது. கீழே நின்ற படகுகளில் இரண்டைக் கடல் எடுத்துக்கொண்டது. அதில் ஒன்று என் தம்பியுடையது.

"பாய் வச்ச ஆக்சிலு" என்றது ஊர். மறுநாளே பேச்சு முடிந்துவிட்டது, இனி எஞ்சின் வேலைக்கு உங்களிடம் யாரும் போவதில்லை என்று.

நீங்கள் கூப்பிடாமலே வந்தீர்கள். போல்ட்டைக் கழற்றினீர்கள். மோர் வந்தது. உள்ளே பல் சக்கரமெல்லாம் துரு. உங்கள் விரல் ஆக்சிலின் மேலே எதையோ தேடிப் போனது. நகத்தால் பெயின்ட்டைச் சுரண்டினீர்கள். ஃபைபர் தெரிந்தது. இந்த ஊரில் ஃபைபர் யார் வேலை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"நல்லா அடைச்சிகீறப்பா" என்றீர்கள். குரலில் கோபமே இல்லை. "இது ஓட்ட இல்ல, மூக்கு. ஓடுனா உள்ள சூடாவும், காத்து வெளிய வரும். தண்ணில எறங்குனா குளுந்துபோயி காத்த உள்ள இழுக்கும். மூக்க அடைச்சிட்டா இன்னா பண்ணும்? கெடைக்கிற சந்துல தண்ணியத்தான் குடிக்கும்."

"ஊர்ல நான் சொல்லிடறேன் பாய்."

"சொல்லு" என்றீர்கள். அவ்வளவுதான்.

நான் சொல்லவில்லை. தம்பி படகு போன துக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டான். விடுமுறைக்கு வந்தால் என் வீட்டில்தான் சாப்பாடு. உங்கள் பேரைச் சொல்லி அவன் திட்டும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். இரண்டு வருஷம் பாய். அந்த இரண்டு வருஷமும் வண்டியைப் பார்த்துக்கொண்டது நீங்கள்தான். உள்ளே எல்லாம் மாற்றி, அந்தத் துளையிலிருந்து ஒரு ரப்பர் குழாயை பானெட்டுக்கு உள்ளே மேலே வரை ஏற்றிக் கட்டினீர்கள், தண்ணீர் எட்டாத உயரத்துக்கு. சொன்னாயா என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன்.

நீங்கள் மௌத்தானபோது அடக்கத்துக்கு வந்தேன். கூட்டத்தில் பின்னால் நின்றுவிட்டுத் திரும்பினேன். எங்கள் ஊரிலிருந்து வேறு யாரும் வரவில்லை.

போன வாரம் ஊர்க்கூட்டத்தில் எஞ்சின் வேலைக்கு ஆள் பேச்சு வந்தது. உங்கள் பட்டறையை இப்போது உங்கள் மகன் நடத்துகிறார் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், "அந்த பாய் மவனா? அப்பன் வச்ச ஆக்சிலத்தான் பாத்தோமே" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன். "ஆக்சில்ல தப்பில்ல. அத்த அடைச்சவன் நான்" என்று ஆரம்பித்து, மூக்கு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். விடுமுறைக்கு வந்திருந்த தம்பி அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.

அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து வாசலில் குந்திக்கொண்டான். பிறகு சொன்னான்.

"படகு போச்சே, அந்த வாரமே, உன் வண்டிய பாத்துட்டு போறப்ப பாய் என் வீட்டுக்கு வந்தாரு அண்ணே. என் வேலதான் தப்பு, மன்னிச்சிடு நைனான்னு கைய புடிச்சாரு. நான் கைய உதறிட்டு கதவ சாத்திக்கினேன். கொஞ்ச நேரம் வெளியவே நின்னுக்கினு இருந்தாரு."

இது எனக்குத் தெரியாது பாய். நீங்கள் சொல்லவே இல்லையே.

இன்று தம்பியின் நண்பனுடைய படகு எஞ்சினை வண்டியில் ஏற்றிக்கொண்டு உங்கள் மகனிடம் போகிறோம். தம்பி தானாகத்தான் வருகிறேன் என்றான். உங்கள் வீட்டம்மாவிடம் என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியவில்லை. புறப்படும் முன் வண்டி தாங்குகிறதா என்று மணலில் ஒரு சுற்று ஓட்டினேன். நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, நீங்கள் கட்டிய குழாயின் வாயில் கட்டைவிரலை வைத்தேன். உள்ளேயிருந்து சூடாக, லேசாக, காற்று வந்து தொட்டது. பயந்துபோய் விரலை எடுத்துவிட்டேன்.