வாறுகாலின் கடைசி வீடு

இன்று காலை இரண்டாவது வீட்டில் மறுபடியும் பசை காய்ச்சத் தொடங்கிவிட்டார்கள். மைதாவும் மயில்துத்தமும் கொதிக்கிற வாடை என் ஜன்னல் வரை வந்தது. பூகோளப் புத்தகத்தை மூடிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நம் வளவில் ஆறு குடித்தனம்; ஆறுக்கும் ஒரே வாறுகால், ஒரே கிணறு. எல்லா வீட்டுக் கழிவுநீரும் கடைசி வீடான உன் வீட்டு வாசலைக் கடந்து, கிணற்றடிக் கல்லுக்கு அடியில் நுழைந்துதான் தெருச் சாக்கடைக்குப் போக வேண்டும். அவரவர் தம் வாசலை மட்டும் ஈர்க்குமாறால் தள்ளிவிடுவார்கள். தள்ளியது அடுத்த வாசலில் போய் நிற்கும். அதைத்தான் சுத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். உன் வாசலுக்கு அப்பால் தள்ள இடமில்லை.

வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டி ஒட்டும் வீடுகளில் மிஞ்சிய பசையும் அந்தத் தண்ணீரோடுதான் போனது. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நீ குப்புறப் படுத்துக் கல்லுக்கடியில் ஒரு கம்பை நுழைத்துப் பார்த்தாய். பாதிகூடப் போகவில்லை.

"ஏட்டி, உள்ள காரை மாதிரி இறுகிக் கெடக்கு. மழைக்கு முன்ன கல்லைத் தூக்கணும்" என்றாய்.

இருவரும் வீடு வீடாகப் போனோம். பசைச் சட்டியைக் கழுவுமுன் காகிதத்தால் வழித்துக் குப்பைக்குழியில் போடச் சொன்னாய். கல்லைத் தூக்க வீட்டுக்கு ஓர் ஆள் கேட்டாய். இரண்டாவது வீட்டு அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"வாங்க, சானிட்டரி இன்ஸ்பெக்டரம்மா! நாற்காலி போடவா?"

"நாற்காலி வேண்டாம் அத்தை, மாமாவை அனுப்புங்க."

"அவுகளுக்கு ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு. தீவாளி சீசன் முடியட்டும் புள்ள. வாறுகால் எங்கன ஓடிப் போகுது?"

"ஓடினா நான் ஏன் அத்தை வாரேன்?" என்றாய். வாசலில் நின்ற எல்லாருமே சிரித்தார்கள். மாமா வரவில்லை. வளவுக்குச் சொந்தக்காரரான வீட்டுக்காரரோ, அடைத்தவர்களே எடுக்கட்டும் என்று சொல்லியனுப்பினார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மழை பிடித்துக்கொண்டது. வாறுகால் எதிர்த்து ஏறி உன் வீட்டுக்குள் புகுந்தது. கிணற்றின் தாழ்ந்த சுவரைத் தாண்டி உள்ளேயும் வழிந்தது. குழாயில் தண்ணீர் வராத நாட்கள் அவை. குடிக்கவும் அந்தக் கிணறுதான். மூன்று வீடுகளில் வாந்திபேதி கண்டது. மற்றவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உன்னை மாட்டுவண்டியில் ஏற்றியபோது, கண்கள் குழிந்துபோய், "தண்ணி" என்று என்னைக் கேட்டாய். எந்தத் தண்ணீரைக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உன்னை அடக்கம் செய்த மறுநாள் ஆண்கள் கல்லைத் தூக்கினார்கள். நாலு பேர் போதுமாயிருந்தது. பசை பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிட்டது.

அதன் பிறகு யாரும் அந்தக் கல்லைத் தொடவில்லை. உன் அம்மாவும் அப்பாவும் சொந்த ஊரான மல்லாங்கிணற்றுக்கே போய்விட்டார்கள். "புதுசா வாரவுக கிட்ட செத்த சேதியைச் சொல்லிறாதீக. அப்புறம் வீடு சும்மா கெடக்கும்" என்று வீட்டுக்காரர் எல்லாரிடமும் சொல்லிவைத்தார். போன மாதம் ஆமத்தூரிலிருந்து ஒரு குடும்பம் உன் வீட்டுக்கு வந்திருக்கிறது. இரண்டு சிறு பிள்ளைகள்.

நேற்று கிணற்றடியில் அந்த அம்மா என்னைக் கேட்டார்: "ஏம்மா, இங்கன முன்ன யாரு குடியிருந்தாக?"

அத்தை எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் உன் பெயரைச் சொன்னேன். எப்படிப் போனாய் என்றும், எந்தக் கல்லுக்கடியில் அடைத்தது என்றும் சொன்னேன். அந்த அம்மா இறைத்து வைத்திருந்த குடத்தைக் கவிழ்த்துவிட்டுப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டார்.

இன்று வீட்டுக்காரர் அப்பாவைக் கூப்பிட்டனுப்பியிருக்கிறார். எங்களைக் காலி செய்யச் சொல்லலாம். சொல்லட்டும். இனி எந்த வளவில் குடியிருந்தாலும், வாறுகால் எங்கே போய் முடிகிறது, அங்கே எந்தப் பிள்ளை இருக்கிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். அந்த வீட்டில் உன் பெயரைச் சொல்வேன்.